ஏழு வீட்டுக்கு ஒரு கை

காரை விட்டு இறங்கியதும் டாக்டர் நெவேனா முதலில் போய் நிற்பது நோயாளிகளிடம் அல்ல, பஸ் நிறுத்தத்துக் கம்பத்தின் முன்னால். செத்தவர்களின் படம் போட்ட தாள்களை எங்கள் ஊர்களில் அங்கேதான் ஒட்டுவார்கள். இறந்த அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, வருஷம் திரும்பினால் ஒன்று. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, மூக்கு தாளில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய், ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். பிறகு சுகாதாரத் துறை கொடுத்த டேப்லெட்டைத் திறந்து, புதிதாகப் போனவரின் பெயரைத் தேடி அணைப்பார். அணைக்காவிட்டால் அந்தச் செயலி செத்தவரிடமும் காலை மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். "இவளுக்கு உசுரோட இருக்கிறவங்க கணக்கே சரியா வராது தம்பி. சாவுக் கணக்கு நான்தான் பாக்கணும்" என்பார்.

'இவள்' என்பது அந்த டேப். அவர் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'மருமகள்'. வந்த அன்றைக்கே வீட்டுச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாளாம். யாரை எப்போது பார்ப்பது, யாருக்கு எந்த மாத்திரை, எந்த ஊருக்கு முதலில் போவது எல்லாம் அவள் இஷ்டம்தான். நிஜ மருமகள் மகனோடு வெளிநாட்டில், லைப்சிக்கில் இருக்கிறாள். பண்டிகைக்குப் பண்டிகை போனில் சிரிப்பதோடு சரி.

நான் கீழ் டவுனில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மலை மேல் எந்த ஊரிலும் கடை கிடையாது. அதனால் வியாழக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு, மருந்துப் பெட்டிகளோடு அவருடைய பழைய நிவா ஜீப்பில் ஏறிக்கொள்வேன். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே, மறு கையால் சூரியகாந்தி விதை கொறிப்பார். தோல் எல்லாம் என் பக்கத்து மிதியடியில்தான் விழும். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கோடையிலும் செத்துப்போன கணவரின் ஆட்டுத்தோல் மேல்சட்டைதான். நெஞ்சில் வைக்கும் குழாயைக் கக்கத்தில் இடுக்கிச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் யார் மேலும் வைப்பார். "ஏற்கெனவே பயந்து கிடக்குதுங்க. இதுல ஐஸ் வேற வைக்கணுமா?"

டேப்பைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தால் பாவம். அது வருவதற்கு முன் இந்த அம்மாள் காகிதத்தில் மூழ்கிச் செத்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் மலை மேல் மருந்தை எழுதினால், கீழே என் கடைத் திரையில் அந்த நிமிஷமே தெரிகிறது. ஐந்து ஊருக்கு ஒரே டாக்டர், அதுவும் கடைசி டாக்டர். அவருக்குப் பிறகு வர ஆளில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

வினை பட்டை வடிவில் வந்தது. பிரஷர் பார்க்கும் பட்டை, நோயாளிக்கு ஒன்று. காலையில் கையில் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் எண் தானாக டேப்புக்குப் போய்விடும். நன்றாக இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சை, கொஞ்சம் ஏறினால் மஞ்சள், மோசமானால் சிவப்பு. சிவப்பு வந்தால் யாரையும் கேட்காமல் மாவட்டத் தலைநகரிலிருந்து ஆம்புலன்ஸ் கிளம்பிவிடும். டாக்டர் வேண்டாம் என்றாலும் நிற்காது. தானே பார்த்து எழுதிப்போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பட்டை சொல்வதைத்தான் மருமகள் நம்புவாள்.

ஐந்தில் உயரத்தில் இருப்பது ஸ்லிவாக். அங்கே ஏழு வீட்டில்தான் புகை வருகிறது, வீட்டுக்கு ஒரு கிழம். அவர்களுக்கு வியாதியைக் கண்டு பயமில்லை, ஆம்புலன்ஸைக் கண்டால்தான் உதறல். ஏறிப் போனவர்கள் திரும்பி வந்தது கம்பத்தில்தான். பிழைத்தவர்களுக்கும் வர பஸ் கிடையாது.

ஆனால் பட்டை வந்த நாளிலிருந்து ஸ்லிவாக் ஒரே பச்சை. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "காத்து அப்படி! தயிர் அப்படி!" என்று என்னிடம் பீற்றிக்கொண்டார். மேலிடத்துக் கூட்டத்தில் ஸ்லிவாக்கைத் திரையில் போட்டுக் காட்டிக் கைதட்டினார்களாம்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு வியாழன். ஜீப்பில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். டேப் கத்த ஆரம்பித்தது. ஸ்லிவாக்கில் ஒரு பெயர் சிவந்தது, கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, அப்புறம் வரிசையாக எல்லாம். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நாடி தாறுமாறாக ஓடுகிறது என்று இதயக் குறி. ஆம்புலன்ஸ் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "என்ன டாக்டர், மேல ஏதும் விருந்தா? ஏழு பேருக்கும் ஒண்ணா நெஞ்சு துள்ளுது!"

நெவேனா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்களை ஒரு தடவை பார்த்தார். மேலிருந்து கீழே இன்னொரு தடவை; ஏழும் கிட்டத்தட்ட ஒரே எண். சிரிப்பு அப்படியே நின்றது.

"இது ஏழு நெஞ்சு இல்ல தம்பி" என்றார். "ஒரே நெஞ்சு. நீ ஏறு வண்டியில."

ஸ்லிவாக்கில் கணக்கில் வராத எட்டாவது ஆள் ஒருவர் இருந்தார். ஜெலியாஸ்கோ. ஊருக்கு வெளியே தேன்பெட்டிகளோடு இருந்தவர், எழுபது வயது, தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. டாக்டரிடம் ஒரு நாளும் வந்ததில்லை, அதனால் அவருக்குப் பட்டையும் கிடையாது. தினம் காலையில் ஏழு வீட்டுக்கும் போய் விறகு பிளந்து அடுப்பு மூட்டிக் கொடுப்பார். அப்படியே சட்டைக் கையை மடித்து அந்தந்த வீட்டுப் பட்டைக்கு நீட்டுவார். காபியும், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ஒரு துண்டு பனீட்சாவும் தருவார்கள்.

நாங்கள் போனபோது ஜெலியாஸ்கோ, ராத்கா கிழவி வீட்டு விறகுக் கட்டைமேல் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஏழு கிழங்களும் திருடி மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி சுற்றி நின்றன.

"எவ்வளவு நாளா இந்தக் கூத்து?" என்று டாக்டர் கேட்டார்.

"பட்டை வந்த நாள்லேருந்து டாக்டரம்மா. சும்மா கெடக்கிற கைதானே, குடுத்தேன்."

"உனக்கு நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குன்னு முன்னாடியே தெரியாதா?"

"தெரியும். யாரு கேட்டா?"

நெவேனா குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அது சூடாகும்வரை அவர் கையைப் பிடித்தபடி நின்றார்.

ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவன் தன் திரையைப் பார்த்தான், ஜெலியாஸ்கோவைப் பார்த்தான். "எங்களுக்கு வந்த ஏழு பேர்ல இவர் இல்லையே. இந்தப் பேர்ல ஆளே இல்ல."

"ஆள் இல்லன்னா இங்க உக்காந்திருக்கிறது என்ன, பூசணிக்காயா? தூக்குடா!"

"கத்தாதீங்க டாக்டர். அந்த ஏழு பதிவையும் முடிச்சாத்தான் புதுசா ஒண்ணு தொறக்கும்."

அவன் வீடு வீடாகப் போனான். ஒவ்வொரு கிழத்தையும் அதனதன் பட்டைக்கு முன்னால் உட்காரவைத்து, ஆள் நலம் என்று அமுக்கிவிட்டு வந்தான். நாங்கள் விறகுக் கட்டையருகே காத்திருந்தோம். 

வண்டியில் ஏற்றும்போது ஜெலியாஸ்கோ தலையைத் தூக்கினார். "பஸ்ஸு இல்லையே, எப்படித் திரும்பி வர்றது?"

"நான் வந்து கூட்டிட்டு வரேன்" என்றார் டாக்டர். "என் வண்டியில. முன் சீட்டுல."

அடுத்த வியாழன் ஜீப்பின் முன் சீட்டில் ஜெலியாஸ்கோவின் படம் போட்ட ஒரு காகிதச் சுருள் இருந்தது. நான் பின்னால் பெட்டிகளோடு உட்கார்ந்தேன். சொந்தம் என்று யாரும் இல்லாத மனிதர், டவுனில் கொடுத்து டாக்டரேதான் அச்சடித்திருந்தார். அன்று விதை கொறிக்கவில்லை. ஸ்லிவாக்கில் இறங்கி, பசை தடவி, கம்பத்தில் தானே ஒட்டினார். மூலை சுருட்டிக்கொண்டது. உள்ளங்கையால் திரும்பத் திரும்ப நீவிவிட்டார்.

ராத்கா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏத்துனது வண்டியில, இறக்குனது கம்பத்துல" என்றாள். "என்னயும் இப்படித்தான் கூட்டிட்டு வருவியா?"

அதோடு ஸ்லிவாக்கில் ஒருவரும் பட்டையைத் தொடவில்லை. டேப்பில் ஏழு பெயர்களும் சாம்பல் நிறமாயின. மேலிடத்திலிருந்து ஒரு பெண் போனில் தேன் ஒழுகப் பேசினாள். எண் வராத ஊர்களை அடுத்த மாதம் பிறந்ததும் தொலைபேசிச் சேவைக்கு மாற்றிவிடுவார்களாம், டாக்டர் இனி அவ்வளவு தூரம் மலையேறிச் சிரமப்பட வேண்டியதில்லையாம். "அதுங்கள்ல பாதிக்குக் காதே கேக்காதும்மா" என்றார் நெவேனா. பதிவு செய்துகொண்டதாக அவள் சொன்னாள்.

மாதத்தின் கடைசி வியாழன். ராத்காவின் சமையலறை. டாக்டர் பையின் அடியிலிருந்து பழைய ரப்பர் பிரஷர் பம்ப்பை எடுத்து, காற்றடித்து, காது கொடுத்துப் பார்த்தார். எவ்வளவு என்று சொல்லவில்லை, முகமே சொல்லியது. என் பெட்டியிலிருந்து வீரியமான மாத்திரையைத் தானே எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதை நெசமாவே முழுங்கு. பட்டையையும் ஒரே ஒரு தடவை சுத்திக்கோ, எண் போகலேன்னா இனி என்னை மேல வர விடமாட்டாங்க. வண்டி வந்தா வாசல்ல நான் குறுக்கப் படுத்துக்கறேன்."

"நீ படுத்தா உன்னயும் சேத்து ஏத்திட்டுப் போவான்" என்றாள் ராத்கா. சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டாள். "வேணாம்மா. நான் இந்தக் கட்டில்லயே சாவறேன்."

அடுப்பில் விறகு வெடித்துக்கொண்டிருந்தது. நெவேனா ஆட்டுத்தோல் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். சன்னலோரம் தூசி படிந்து கிடந்த பட்டையை எடுத்துத் தன் கையில் சுற்றிக்கொண்டு, பொத்தானை அமுக்கினார். பட்டை உப்பி இறுகியது. ஆனால் காற்று இறங்கி எண் போவதற்குள், தனக்கும் சிவப்புதான் வரப்போகிறது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். சரக்கென்று பிய்த்தெடுத்துவிட்டார்.  நாடியில் தானே விரல் வைத்துக் கொஞ்சம் எண்ணிப் பார்த்து, விட்டுவிட்டார்.

என் முகத்தை அவர் பார்க்கவில்லை. பட்டையின் வாயை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, என் சட்டைக் கையின் பக்கமாக நீட்டினார்.