லூயிஷாமில் ஒற்றைப் படிக்கட்டு

அச்சம் மாடிகளைக் கூட்டிச் சொல்லும். ஆகவே நானே கண்ணால் எண்ணியதையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

லண்டனின் லூயிஷாமில் பதினான்கு மாடிக் குடியிருப்பின் முன் நிற்கிறேன். தீ மணி ஒலிக்கிறது, மின்தூக்கி நின்றுவிட்டது. என் பையில், உரைக்காகக் கொண்டுவந்த நியூயார்க்கின் பழைய அடுக்குமாடிகளின் நிழற்படங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அக்கட்டடங்களின் வெளிச்சுவர்களில் தப்பிச்செல்ல இரும்புப் படிகள் உண்டு. இங்கே இல்லை.

அருகில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் மேலே பார்த்தபடி நிற்கிறார். அவர் மனைவி பதினோராம் மாடியில் கால் முறிந்து கிடக்கிறாராம்.

"உள்ளே வேறு படி உண்டா?"

"ஒண்டுதான் அண்ணை."

அவர் கைப்பேசியில் மனைவியின் குரல் உரக்கக் கேட்கிறது: "மேல வராதேங்கோ! போன கிழமையும் சும்மாதானே அடிச்சது. உங்கட முழங்கால் நோவோட ஏறி விழுந்தா ஆர் உங்களைப் பாக்கிறது?"

"கதவைச் சாத்திப்போட்டு இரு. நான் வாறன்."

படிக்கட்டுச் சன்னல்களில் ஏழாம் மாடிவரை அவரைக் காண்கிறேன். பிறகு காணவில்லை. மணி நிற்கவில்லை. உள்ளே தீ உண்டா என்பது எனக்குத் தெரியாது.