தோளால் தள்ளிப் பார்க்கிறவன்

ரொட்டியின் ஓரத்தைத் தின்றுவிட்டு, நடுவிலிருக்கும் மெத்தென்ற பகுதியை உருட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்கிறான் என் தம்பி சைலஸ். பசிக்கு அல்ல, பென்சில் கோட்டை அழிக்க. அதனால் அவன் ரொட்டியில் நான் கொழுப்புத் தடவுவதில்லை. பிசுக்குப் பட்டால் காகிதம் கெட்டுவிடும்.

இங்கிலாந்தில், லங்காஷயரின் ஆலை ஊர்களை அளந்து வரைபடம் போடும் ராணியின் சர்வே ஆட்களில் அவனும் ஒருவன். புகையில் நாங்களே சரியாகப் பார்த்திராத எங்கள் ஊர், அவன் பலகையில் துடைத்துவைத்ததுபோல் இருக்கிறது. விளக்குக் கம்பம் ஒரு புள்ளி. சேப்பலில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதுகூட உண்டு. அதற்காக ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து எழுந்தான். அவனுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது என்று பாதிரியார் மகிழ்ந்துபோனார். நான் ஞாயிற்றுப் பள்ளியில் படித்ததோடு சரி. ஆனாலும் அவன் காகிதத்தில் என் வாசற்படியைக் கண்டுபிடித்துவிடுவேன்.

அசைகிற எதுவும் வரைபடத்தில் வரக்கூடாது என்பது அவனுடைய விதி. முதல் நாள் கண்ணில் பட்டதையெல்லாம் பென்சிலால் போடுவான். மை தொடும் முன் மறுபடி வந்து ஒவ்வொன்றையும் தோளால் தள்ளிப் பார்ப்பான். கம்பம், சுவர், பன்றிக் கொட்டில், எதையும் விடமாட்டான். ஒருமுறை போலீஸ்காரர் குடிகாரன் என்று நினைத்து அவனைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் முற்றத்துக்கு அவன் வந்த முதல் நாள், எதிர்வீட்டுக்காரி பெட்டி ஹோல்ராய்டு துணிக்கொடிக்கு அடியிலிருந்து கத்தினாள்: "தம்பி, என் பூந்தொட்டியையும் போடேன்!"

"தொட்டியத் தூக்கலாமேக்கா. அப்ப வராது."

"எங்க வீட்டுக்காரர் காலைலேருந்து அசையவே இல்ல. அவரையாவது போடு!"

பெட்டியின் சிரிப்பு அன்றே நின்றுவிட்டது. முற்றத்தைச் சுற்றியுள்ள எங்கள் ஒன்பது வீட்டுக்கும் ஒரே கக்கூஸ். ஆலைச் சங்கு ஊதுவதற்குள் முறை வர வேண்டுமே என்று மழையில் வரிசையாக நிற்போம். எந்த முற்றத்துக்குப் புதிது கட்டவேண்டும் என்பதை நகரசபை இந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறது. அது தெரிந்து, முந்தின ஞாயிறு நாங்கள் சேப்பலில் இருந்தபோது, வீட்டுச் சொந்தக்காரரின் ஏஜெண்ட் கிராப்ட்ரீ கக்கூஸ் மாதிரி ஒரு பலகைக் கூண்டை இறக்கிச் சுவரோரம் நிறுத்திப் பூட்டிவிட்டார். இடுக்கு வழியாகப் பார்த்தால் குழியே இல்லை, வெறும் கல்தரை. சைலஸ் அதையும் பென்சிலால் போட்டான். கக்கூஸுக்கு இரண்டு சதுரங்களைப் பார்த்த பெட்டி, இனிப் புதிது வராது என்று என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

நேற்று அவன் மறுபடி வந்தான். கிராப்ட்ரீயும் வந்து நின்றார்.

"ரெண்டு கக்கூஸ் போட்டாச்சுல்ல? அப்புறம் என்னப்பா வேலை?"

"இன்னும் மை போடலீங்க ஐயா."

"உங்க அக்கா குடியிருக்கறது எங்க வீட்டுல. நான் சொன்னா அடுத்த வாரமே காலி பண்ணணும். பாத்துக்கோ."

சைலஸ் கூண்டின் மேல் தோளைச் சாய்த்தான். அது கல்தரையில் கிறீச்சிட்டு ஒரு சாண் நகர்ந்தது.

"எங்க வீட்டுக்காரரே தேவலை!" என்றாள் பெட்டி.

அவன் கை கோட்டுப் பைக்குள் போய் அங்கேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தான்.

"என்னடா பாக்குற? பத்தலேன்னா வீட்டுல இன்னும் ரொட்டி இருக்கு" என்றேன்.

உருண்டையை எடுத்துக் காகிதம் நோகாமல் தேய்த்தான். ஒரு சதுரம் மறைந்தது. கறுத்த துணுக்குகள் கிராப்ட்ரீயின் பளபளத்த ஷூக்களின் மேல் உதிர்ந்தன. சைலஸ் குனிந்து தன் கைக்குட்டையால் அவற்றைச் சுத்தமாகத் துடைத்துவிட்டான். பிறகு பக்கத்திலிருந்த தண்ணீர்ப் பம்பின் மேல் தோளைச் சாய்த்தான்.