பெரிய திரையில் நிரப்பிய விண்ணப்பம்

என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இன்னும் இந்தப் பெட்டியளை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறியள்? எல்லாம் போனிலை வந்திட்டுதே." முன்பெல்லாம் இதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் நிறையக் கதை இருந்தது. இப்போது "ஓம், வந்திட்டுது" என்று மட்டும் சொல்கிறேன். அதற்குமேல் கதைத்தால் அழுதுவிடுவேனோ என்று பயம்.

ஊர்காவற்றுறையில் இறங்குதுறைக்குப் போகிற வீதியில் என் கடை இருக்கிறது. மூன்று மேசைக் கணினி, ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கானர் என்று தொடங்கிய காலத்தில் நாரந்தனையிலிருந்தும் அனலைதீவிலிருந்தும் சனம் வந்து கதிரைக்குச் சண்டை பிடிக்கும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையின் முகம் பார்க்க வந்த சனம்தான் முதலில் வராமல் நின்றது. பிறகு பரீட்சை முடிவு பார்க்க வந்த சனமும் வராமல் நின்றது. பிறகு படிவம் நிரப்ப வந்தவர்களும் குறைந்துபோனார்கள். இப்போது இரண்டு கணினிகள் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்துக்கொண்டு கிடக்கின்றன. ஒன்று மட்டும் ஓடுகிறது.

எனக்குப் போன் என்றாலே எரிச்சல். உள்ளங்கை அகலக் கண்ணாடியில் படம் பார்க்கலாம், ஊர்த்துளவாரம் கதைக்கலாம். அரசாங்கக் காரியத்தை அதில் பார்க்கிறதா? அல்லைப்பிட்டியில் ஒரு மனிதர் போனில் விண்ணப்பம் நிரப்பித் தன் பிறந்த வருடத்தை மகனுடைய வருடமாகத் தட்டி அனுப்பிவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அந்த ஒரு கதையை நான் இரண்டு வருடமாக வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு புளுகம், எவ்வளவு பெருமை! நினைத்தால் என் வாயிலேயே இரண்டு போடவேண்டும் போல இருக்கிறது.

எனக்கு இருப்பது ஒரே ஒரு தங்கச்சி. அனலைதீவில் கலியாணம் செய்து அங்கேயே இருக்கிறாள். அங்கே பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால் சம்பளம் கிடையாது. என்றைக்காவது ஒருநாள் நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கைதான் கூலி. மழைக்கும் போனாள், காய்ச்சலோடும் போனாள். பக்கத்து வகுப்புக்கு ஆசிரியர் வராவிட்டால் அந்தப் பிள்ளைகளையும் கூட்டி வைத்துப் படிப்பித்தாள். கடைசியில் தொண்டர் ஆசிரியர்களிடம் நியமனத்துக்கு விண்ணப்பம் கேட்டார்கள். இணையத்தில் மட்டும்தான் போடலாம். வயதெல்லைக்கு அவளுக்கு நாலு மாதம்தான் மிச்சம். இதை விட்டால் இனி ஒருநாளும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் கிழமை சோளகக் காற்றுப் பேயாக அடித்தது. மூன்று நாள் படகு விடவில்லை. புதன்கிழமை அவள் போன் எடுத்துக் கேட்டாள்.

"அக்கா, கடல் இப்பிடிக் கிடக்குது. நான் வீட்டிலை இருந்து போனிலை போட்டுப் பாக்கட்டே?"

"உனக்கென்ன விசரே? பதினொரு வருசம் காத்திருந்திட்டு ஒரு விரலாலை தட்டி அனுப்பப் போறியோ? வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணி மட்டும் நேரம் கிடக்கு. காத்து விழட்டும், வா. பெரிய திரையிலை வடிவாப் பாத்துப் போடுவம்."

"சரி அக்கா," என்றாள். சின்ன வயதிலிருந்தே என் சொல் தட்டாதவள். தட்டியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காற்று விழுந்தது. முதல் படகில் ஏறி ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்துவிட்டாள். சேலைக்கரை கடல்தண்ணீரில் நனைந்திருந்தது. சான்றிதழ்களை மட்டும் இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் திரையைத் துடைத்து, அவளைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, ஒவ்வொன்றாக ஸ்கான் செய்தேன். பிறப்புச் சான்று, பரீட்சைச் சான்றுகள், பள்ளிக்கூட அதிபரின் சேவைக் கடிதம். ஒவ்வொரு கட்டமாக நிரப்பி மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். ஒரு புள்ளி பிழை இல்லை. இனி 'அனுப்பு' என்ற பொத்தானை அமர்த்துவது மட்டும்தான் மிச்சம். நிமிர்ந்து மணியைப் பார்த்தேன். பத்து முப்பத்தைந்து.

வெள்ளிக்கிழமை பத்தரை தொடங்கிப் பன்னிரண்டு வரை ராகுகாலம். எங்கள் ஆட்கள் விசா எடுக்கப் போனாலும் அதைப் பார்த்துத்தான் படி இறங்குவார்கள். என் கடையிலும் அதுதான் ஒழுங்கு. படிவத்தை எந்த நேரமும் நிரப்புவேன், ஆனால் ராகுகாலத்தில் யாருடைய விண்ணப்பத்தையும் அனுப்பமாட்டேன். சனமே அப்படித்தான் கேட்கும், "நேரம் பாத்து அமத்திவிடுங்கோ அக்கா" என்று. நேரம் பார்த்து அனுப்புகிற ராசியான கை என்று எனக்கு ஒரு பெயரும் இருந்தது. அந்தப் பெயரில் மண்விழ.

"பன்னிரண்டு கழிய அனுப்புவம். நீ தேத்தண்ணியைக் குடி," என்றேன்.

"ஓம் அக்கா. உங்கடை கையாலை நல்ல நேரத்திலை போகட்டும்," என்று சிரித்தாள்.

பதினொரு மணிபோல ஒரு பெண் உள்ளே வந்தாள். தங்கச்சியோடு அதே பள்ளிக்கூடத்தில் நாலு வருடமாகத் தொண்டராக இருப்பவள், வயதில் இளையவள், காலையில் அதே படகில் வந்தவள். போனை நீட்டி, "இதிலை ஒரு பிரிண்ட் எடுத்துத் தாறீங்களோ அக்கா?" என்று கேட்டாள். பார்த்தால், விண்ணப்பம் கிடைத்தது என்று வந்த பதில். அவளுடைய வீட்டுப் பக்கம் சிக்னல் இழுக்காதாம், நடுக்கடலில் நன்றாக இழுத்ததாம். படகில் இருந்தபடியே சான்றிதழ்களைப் படம் பிடித்துப் போட்டு அனுப்பிவிட்டாளாம்.

"நடுக்கடலிலை இருந்து அரசாங்க உத்தியோகமோ? நீரும் உம்மடை போனும்! படம் ஆடிப்போய் உம்மடை முகமே தெரியாமல் போயிருக்கும், பாரும்," என்று பகிடி பண்ணினேன். அவள் கோபிக்கவில்லை, சிரித்துக்கொண்டு தாளை வாங்கிப் போனாள். தங்கச்சியும் சிரித்தாள். ஆனால் அவளுடைய கண் அந்தத் தாள் போன திசையிலேயே நின்றது.

பதினொன்று இருபதுக்குக் கறண்ட் நின்றது. மின்விசிறி ஓய்ந்தது. கணினிக்குக் கீழே இருந்த யூ.பி.எஸ். கீ, கீ என்று கத்தத் தொடங்கியது. அதன் பற்றரி பழசு. அரை நிமிடம்தான் தாங்கும் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, அமத்துங்கோ! அனுப்புங்கோ!" என்று தங்கச்சி எழுந்துவிட்டாள்.

என் கை மவுசில்தான் இருந்தது. அம்புக்குறி அந்தப் பொத்தானின் மேல்தான் நின்றது. ஒரு விரல் அசைத்தால் போதும். நான் திரும்பிச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொரு வருட உழைப்பைக் கூடாத நேரத்தில் அனுப்பிவிட்டு, நாளைக்கு ஏதும் பிழைத்தால் யார் பதில் சொல்வது என்று ஒரு யோசனை. அந்த யோசனை முடியுமுன் திரை கறுத்தது. நிரப்பியது அத்தனையும் அதோடு போயிற்று.

"அந்தரப்படாதை, இப்ப வந்திடும்," என்றேன்.

பன்னிரண்டு அடித்தது. வரவில்லை. வீதியில் விசாரித்தால் எங்கோ கம்பி அறுந்து திருத்துகிறார்களாம். ஒரு மணிக்கு அவள், "அக்கா, பஸ் எடுத்து யாழ்ப்பாணம் போவமா?" என்று கேட்டாள். நாங்கள் பாதி வழி போகக் கறண்ட் வந்துவிடும் என்றேன். ஒன்றரைக்கு, "போனிலை திருப்பி நிரப்பட்டே?" என்று கேட்டாள். சான்றிதழ்கள் அவள் மடியில் இருந்தன, போன் கையில் இருந்தது, பற்றரி நிறைய இருந்தது. என்னிலும் வடிவாக நிரப்பக்கூடியவள். நான் கத்தினேன். "படம் பிடிச்சுப் போட்டா எடுக்கமாட்டாங்கள் எண்டு எத்தினை தரம் சொல்லுறது! ஸ்கான் பண்ணிப் போட்டாத்தான் மதிப்பு! பொறன் கொஞ்சம்!" எடுக்கமாட்டார்கள் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. நானாகச் சொல்லி, நானாக நம்பிக்கொண்டு இருந்தேன்.

மூன்றே காலுக்குத்தான் என் கொழுப்பு அடங்கியது. "சரி, போடு," என்றேன். நாடு முழுக்க உள்ள தொண்டர் ஆசிரியர்கள் எல்லோரும் அந்தக் கடைசி நேரத்தில்தான் உள்ளே போனார்கள் போல, பக்கம் திறக்காமல் சுற்றிச் சுற்றி நின்றது. திறந்தால் கடவுச்சொல் கேட்டது. நிரப்பினால் திருப்பி முதலுக்கே போனது. இரண்டு சான்றிதழ் ஏறிற்று, மூன்றாவது ஏறவில்லை. நாலு மணிக்கு விண்ணப்பம் ஏற்கும் காலம் முடிந்தது என்று ஒரு வரி வந்தது. அவள் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

ஐயோ, என்னை ஏசியிருக்கக்கூடாதா? தூக்கி ஏதாவது எறிந்திருக்கக்கூடாதா? "படகுக்கு நேரமாச்சு அக்கா," என்று சொல்லி, சான்றிதழ்களை அதே இரண்டு பையிலும் பக்குவமாகச் சுற்றிக்கொண்டு போனாள். அவள் போய் ஒரு மணித்தியாலம் கழித்துக் கறண்ட் வந்தது. கணினி தானாகவே உயிர்த்து, கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நின்றது. அதன் முன்னால் இருந்து ஒப்பாரி வைத்து அழுதேன்.

பிறகு ஓடாத இடம் இல்லை. கந்தோர் கந்தோராக மனுக் கொடுத்தேன். கறண்ட் நின்றது என்று கடிதம் எழுதினேன். "உங்களிட்டைப் போன் இல்லையோ?" என்று ஒரு உத்தியோகத்தர் கேட்டார். அவர் நக்கலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். அந்த நாலு மாதமும் ஓடி அவளுடைய வயதெல்லை முடிந்தது. அடுத்த தவணை தொடங்கும்போது, நடுக்கடலில் இருந்து அனுப்பியவளுக்கு நியமனம் வந்தது. தங்கச்சி படிப்பித்த அதே பள்ளிக்கூடம், அதே வகுப்பு. இனித் தொண்டர் தேவையில்லை என்று அதிபர் மிகவும் தன்மையாகச் சொன்னாராம். வகுப்பு வரவு இடாப்பைத் தங்கச்சிதான் அந்தப் புது ஆசிரியையின் கையில் கொடுத்தாளாம், எந்த மாணவனுக்கு எது விளங்காது என்று ஒவ்வொருவராகச் சொல்லிக் கொடுத்தாளாம்.

மேசைக் கணினியைப் போன் வென்றுவிடுமா என்று கேட்கிறார்கள். வெல்லட்டும், விழுங்கட்டும், எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. பெட்டி பாவம், அது என்ன செய்தது? அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் கூடப்பிறந்தவளின் வாழ்க்கையை மண்ணாக்கியது நான். கடையைப் பூட்டுவமா என்று தினமும் நினைக்கிறேன். பூட்டிவிட்டு எங்கே போய் இருப்பது என்று தெரியாமல் தினமும் திறக்கிறேன்.

போன மாதம் தங்கச்சி கடைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். "ஒரு கடிதம் ரைப் அடிக்கவேணும் அக்கா," என்றாள். அதிபருக்கு எழுதுகிற கடிதம், இன்ன திகதியோடு சேவையிலிருந்து விலகுகிறேன் என்று.

"ஆரடி உன்னட்டை இதைக் கேட்டது? வேலையே தராதவைக்கு என்னத்துக்கடி விலகல் கடிதம்?"

"ஒருத்தரும் கேக்கேல்லை அக்கா. பதினொரு வருசம் நான் அங்கை போய் வந்தனான் எண்டு எங்கையாவது ஒரு கடதாசியிலை கிடக்கட்டும்."

அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். கண் மறைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பிழைத்தது, ஒவ்வொன்றாக அழித்துத் திருத்தினேன். கடைசியில் கையொப்பத்துக்கு ஒரு கோடு போட்டு, அதன் கீழ் வழக்கம்போல 'பதவி' என்று அடித்துவிட்டு, அதில் என்ன போடுவது என்று அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"அதை விடுங்கோ அக்கா," என்றாள்.

அந்த இடத்தை வெறுமையாக விட்டு, இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.