கடலுக்கு அடியில் அரிவாள்மனை போகாது

2009 மே மாதம் நானும் என் வீட்டுக்காரரும் லண்டனில் இருந்து பாரிஸுக்குக் கடலுக்கு அடியில் போகிற அதிவேக ரயிலில் போனோம். பாரிஸில் இருக்கும் என் தங்கை ரீட்டாவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த மகனுக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய், இவர் ஞானத்தந்தை. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கோயிலில் இரண்டு பேரும் நிற்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் தங்கை தாங்கமாட்டாள்.

திண்டுக்கல்லில் இருந்து திருச்சி விமான நிலையத்துக்குச் சுமார் நூறு கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து கொழும்பு வழியாக லண்டன். என் சித்தி மகன் வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். அந்த இரண்டு நாளும் இவர் என் உயிரை வாங்கிவிட்டார். கொடைக்கானல் மலையில் இருபத்திரண்டு வருஷமாக வேன் ஓட்டுகிறவர், மூடுபனியில்கூடப் பாட்டுப் போட்டுக்கொண்டு போவார். ஆனால் சுரங்கம் என்றதும் ஒரே கேள்விதான். "மேல இருக்க அம்புட்டுத் தண்ணியும் ஒழுகுனா எங்கிட்டுப் போறது?" பத்து நாளைக்கு ஒருதரம் குழாயில் தண்ணீர் வருகிற ஊர்க்காரருக்குத் தண்ணீரைக் கண்டு பயமாம். கேலி பண்ணிச் சிரித்துவிட்டு நான் அதை மறந்தே போனேன்.

சனிக்கிழமை ரயில் காலை 10.25க்கு. அரை மணி நேரம் முன்னாடியே, 9.55க்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். நாங்கள் 9.20க்குப் போய்விட்டோம். விமானத்துக்குப் போலவே பெட்டிகளை எக்ஸ்ரே மிஷினில் விடுகிறார்கள். பெரிய பெட்டி உள்ளே போனதும் மிஷின் நின்றது.

உள்ளே இருந்தது அரிவாள்மனை. தங்கை ஆசைப்பட்டுக் கேட்டாள் என்று இவர் பட்டறையில் சொல்லி அடித்துக் கொண்டுவந்தது. அங்கே சோதனைக்கு நின்ற பெண் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே பேசினாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"அண்ணை, இது பெரிய கத்தி எல்லோ. ரயிலிலை விடேலாது."

"பிளேன்லயே விட்டாங்க தாயி. இது வெங்காயம் அரியுற சாமான்."

"பிளேனிலை பெட்டி கீழை போகும். ரயிலிலை உங்களோடையே வரும். அதுதான் வித்தியாசம்."

நியாயமான பேச்சு. மூன்று அங்குலத்துக்கு மேல் அலகு இருந்தால் விடமாட்டார்களாம். கேஸ் சிலிண்டரும் கூடாது. "அத இங்கயே வச்சுட்டு வாங்க" என்றேன். இவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நகரவில்லை. மணி 9.41.

"நீ போயி கோயில்ல நில்லு. நான் இத எடுத்துக்கிட்டு பஸ்ஸுல வாரேன்."

பஸ்ஸைக் கப்பலில் ஏற்றிக் கடலைத் தாண்டி வந்து சேர ராத்திரிதான் ஆகும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முகத்தைப் பார்த்தேன், நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அப்போதுதான் உறைத்தது, அரிவாள்மனை ஒரு சாக்கு. மனுஷனுக்குச் சுரங்கத்துக்குள் போக முடியவில்லை. சிரித்தது தப்பு என்று எனக்கே அசிங்கமாக இருந்தது.

அந்தப் பெண்ணிடம், "ஏம்மா, உள்ள ஏதாச்சும் ஆச்சுன்னா என்ன செய்வாங்கன்னு இவருக்குச் செத்த சொல்லேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அண்ணை, போறதுக்கு ஒண்டு, வாறதுக்கு ஒண்டு, ரெண்டு சுரங்கம். நடுவிலை சின்னச் சுரங்கம் ஒண்டு இருக்கு. ஏதும் எண்டால் கதவைத் திறந்து அதுக்குள்ளை நடந்து போகலாம். புகை உள்ளை வராத மாதிரிக் காத்து அடிச்சு வச்சிருக்கினம். கடல் தரைக்கும் கீழைதான் தோண்டினது. உங்கடை கத்தியை மறிக்கிறதும் உள்ளை ஒண்டும் நடக்கக் கூடாது எண்டுதான். நானும் மாசம் ஒருக்கால் போறனான்."

"நீயே போறியா தாயி?"

"ஓம் அண்ணை."

இவர் மடக்கு அலகின் ஆணியைத் தானே கழற்றினார். அலகை அவள் முன்னால் வைத்துவிட்டுப் பலகையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார். 9.52.

சுரங்கம் சுமார் ஐம்பது கிலோமீட்டர். திண்டுக்கல்லில் ஏறினால் பழனிக்குக் கொஞ்சம் முன்னால் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிஷம். வெளிச்சம் வந்ததும், "இம்புட்டுத்தானா?" என்று கேட்டார். அவர் நகம் பதிந்த என் கை சாயங்காலம் வரை எரிந்தது. மூன்றரைக்குக் கோயில் வாசலில் இருந்தோம். பிள்ளையைத் தாங்கிக்கொண்டு நின்றபோது இவர் தேம்பித் தேம்பி அழுதார். தங்கை பலகையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

போகிறவர்களுக்கு: இங்கிலாந்து விசாவும் பிரான்ஸ் விசாவும் தனித்தனி. பிரான்ஸ் அதிகாரி லண்டன் ஸ்டேஷனிலேயே பாஸ்போர்ட் பார்த்துவிடுவார். சீக்கிரம் வாங்கியதால் போக வர ஆளுக்கு 69 பவுண்டு. அரிவாள், அரிவாள்மனை எதையும் கட்ட வேண்டாம். பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடும், அதையும் கணக்கில் வையுங்கள். கூட வருகிறவருக்குப் பயம் இருந்தால் கேலி பண்ணாமல் விதிகளைப் படித்துக் காட்டுங்கள்.

திரும்பும்போது இவர் ஜன்னல் சீட்டுதான் வேண்டும் என்றார். உள்ளே ஒரே இருட்டு, என்ன தெரியப்போகிறது என்று கேட்டேன்.

"கண்ணாடில நம்ம ரெண்டு பேரும் தெரிவோம்ல. போறப்ப கண்ண மூடியே வந்துட்டேன்."