யாரோ ஏற்கெனவே அமுக்கிவிட்ட பட்டன்

தமிழ்வாணிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையாவது பளபளவென்று பார்த்துவிட்டால் நின்றுவிடுவாள். பைக் டேங்க், கத்தரிக்காய், ஜவுளிக்கடை பொம்மையின் முழங்கை, எதுவானாலும் சரி. பார்ப்பதோடு விட்டாலும் பரவாயில்லை, தொட்டும் பார்க்க வேண்டும் அவளுக்கு. ஒன்பது வயதில் டாக்டர் வீட்டு காலிங் பெல்லைத் தொட்டுப் பார்த்த கதை சமயநல்லூரில் இரண்டு தெருவுக்குத் தெரியும். கதவைத் திறந்த டாக்டரம்மா என்ன வேணும் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் வேணாம். அமுக்கணும்போல இருந்துச்சு" என்றாளாம். அன்றைக்கு அவள் அம்மா ராக்கம்மாள் முதுகில் நான்கு போட்டுத்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

இப்போது வயது முப்பத்தெட்டு. பழக்கம் அப்படியேதான் இருக்கிறது, முதுகில் போட ராக்கம்மாளுக்குத்தான் தெம்பில்லை, அவ்வளவுதான்.

பிளஸ் டூ முடித்து, மதுரையில் மூன்று மாதம் டி.டி.பி. படித்து, நெடுஞ்சாலை ஓரத்து ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராகச் சேர்ந்தவள், பதினாறு வருடமாக அதே நாற்காலியில் இருக்கிறாள். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கையால்தான். சமயநல்லூரிலிருந்து நாகமலை புதுக்கோட்டை வரைக்கும் எத்தனையோ மாப்பிள்ளைகளின் முகத்தை வெளுப்பாக்கி விட்டிருக்கிறாள். சிலபேரைக் கட்டிய பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு வெளுத்துவிட்டாள் என்று கடையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் அச்சு மெஷினின் மை வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடமாக இளைப்பு. மாடிப்படி நான்கு ஏறினால் நெஞ்சு விசில் அடிக்கும். டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "இந்த வாடைய விட்டு வெளிய வாங்கம்மா. மருந்து சும்மா துணைக்குத்தான்." வெளியே வந்தால் எங்கே போவது? அவளுக்குத் தெரிந்தது கம்ப்யூட்டரும் அதில் படம் செய்வதும்தான். கணவர் லாரியில் போனால் திரும்ப ஒரு வாரம் ஆகும். பயமாகத்தான் இருந்தது அவளுக்கு.

வழி காட்டியது பாண்டியராஜன். நெல் அறுக்கும் மெஷின் நான்கு வைத்து வாடகைக்கு விடுகிறவர். அவருக்கு ஃப்ளெக்ஸ் போட்டுக் கொடுப்பது தமிழ்வாணிதான். மெஷினை முன்பதிவு செய்ய இணையத்தில் ஒரு பக்கம் வேண்டுமென்று கோச்சடையில் சின்ன கம்பெனி நடத்தும் சித்தார்த்திடம் சொல்லியிருந்தார். சித்தார்த்தும் அழகாகச் செய்து கொடுத்தான். பச்சையாக ஒரு கட்டம், அதில் 'மெஷின் வேண்டும்' என்று எழுத்து. அதை அமுக்கினால் போதும். அமுக்கியவரின் போன் நம்பர் பாண்டியராஜனுக்குப் போய்விடும், அவர் கூப்பிட்டுப் பேசுவார்.

ஒருத்தரும் அமுக்கவில்லை. அதற்குப் பதிலாக நேரே போன் செய்தார்கள்.

"ஒங்க போர்டப் பாத்தேன்ணே, மெஷின் எப்ப வரும்ங்கிறாய்ங்க" என்று பாண்டியராஜன் தமிழ்வாணியிடம் வந்து புலம்பினார். "அமுக்குடாங்கிறேன். எதைண்ணேங்கிறான்."

தமிழ்வாணிக்குச் சட்டென்று புரிந்தது. நிறம் அடித்த கட்டத்துக்குள் எழுத்து இருந்தால் நம் ஊர்க்காரர்கள் படிப்பார்கள். படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அப்படிப் படித்துப் பழகவைத்ததே அவளைப்போன்ற ஃப்ளெக்ஸ்காரர்கள்தானே? பார்த்தால் கை போக வேண்டும், காலிங் பெல் மாதிரி. "நான் செஞ்சு தாரேண்ணே" என்று சொல்லிவிட்டாள்.

சித்தார்த்துக்கு இதில் சம்மதமில்லை. "பளபளன்னு பட்டன் போடுறதெல்லாம் பதினஞ்சு வருசத்துக்கு முந்திக்கா. இப்ப யாரும் செய்றதில்ல." ஆனாலும் நல்ல பையன். பாண்டியராஜன் சொல்லைத் தட்ட முடியாமல் ஒரு நிபந்தனை போட்டான். "ஞாயித்துக்கெழமைக்குள்ள, யாரும் சொல்லிக் குடுக்காம ஒரே ஒரு ஆளு தானா அமுக்கட்டும். அப்படி நடந்துட்டா நீங்க திங்கக்கிழமையே நம்ம ஆபீஸ்ல வேலைக்கு வந்துருங்க. இல்லைன்னா பழைய கட்டமே இருக்கட்டும்."

கோச்சடை ஆபீஸில் ஏ.சி. இருந்தது, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருந்தது. முக்கியமாக, மை வாடை இல்லை. தமிழ்வாணி தலையாட்டிவிட்டு வந்தாள்.

போட்டோஷாப்பில் புது ஃபைல் திறந்ததும் கை தன் பாட்டுக்குப் பத்துக்கு எட்டு அடி என்று அளவு போட்டது. சிரித்துக்கொண்டே அழித்துவிட்டு, கட்டைவிரல் அகலத்துக்குக் குறைத்தாள். மூலை மழுங்கிய ஒரு பச்சைச் செவ்வகம் வரைந்தாள். இனி பளபளப்பு வர வேண்டும். நெட்டில் தயாராக ஆயிரம் கிடக்கிறது, எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால் அவளுக்கு அது போதாது. பளபளப்பு என்பது என்ன? கத்தரிக்காயில் அந்த வெள்ளைக் கோடு ஏன் அங்கே விழுகிறது, இங்கே ஏன் விழவில்லை? தெரியாமல் எப்படி வரைவது?

வீட்டு வாசல் நிழலில் ராக்கம்மாள் தண்ணீர் குடிக்கும் எவர்சில்வர் செம்பு இருந்தது. அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம் பார்த்து, போட்டோ எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, செம்பில் எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம் என்று தாளில் குறித்துக்கொண்டாள். மேல்பாதி கருப்பு. கீழ்ப்பாதி வெள்ளை. இடையில் மெல்லிய கோடு. அதை அப்படியே பட்டனுக்கு ஏற்றினாள். பச்சைக்கு மேலே ஒரு லேயர், அதில் கீழ்ப்பாதியில் வெள்ளை நீள்வட்டம், பாதி மங்கலாக. மேல் விளிம்பில் கொஞ்சம் இருட்டு. கண்ணாடி மாதிரி மின்னியது. தன் வேலையை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை காலை சமயநல்லூர் டீக்கடையில் சோதனை. சித்தார்த் பைக்கில் வந்து ஓரமாக நின்றுகொண்டான். தேனூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நெல் போட்டிருக்கும் காளை டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் மகள் கல்யாண ஃப்ளெக்ஸ் தமிழ்வாணி செய்ததுதான்.

"அண்ணே, இந்தப் பக்கத்தக் கொஞ்சம் பாருங்க" என்று போனைக் கொடுத்தாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காளை எட்டப் பிடித்துப் பார்த்தார். கிட்ட வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாருக்குத்தா."

சித்தார்த் முன்னால் வந்தான். "அண்ணே, ஏன் அமுக்கல?"

"அதான் அமுங்கிக் கெடக்கே தம்பி. நமக்கு முந்தியே யாரோ அமுக்கிட்டாக. நானும் அமுக்குனா ரெண்டு மெஷினுல்ல வந்து நிக்கும்? ஒண்ணர ஏக்கருக்கு ரெண்ட வச்சு நான் என்ன பண்ண?"

கடையே சிரித்தது. சித்தார்த் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் தமிழ்வாணியைச் சுட்டது. "நாளைக்கு ஒரு நாள் இருக்குல்லக்கா, பாப்போம்" என்று பைக்கை எடுத்தான்.

அவமானம் வீடு வந்து சேரும்வரைதான். அதற்குள் வேறொன்று பிடித்துக்கொண்டது. மேடாகத்தானே வரைந்தோம்? எப்படிப் பள்ளமானது? போனை எடுத்துப் பார்த்தாள். காளை சொன்னது சரி. உள்ளே அமுங்கித்தான் கிடந்தது. கண்ணைச் சுருக்கினாலும் பள்ளம், தள்ளிவைத்தாலும் பள்ளம்.

ஞாயிறு மத்தியானம் போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, விரித்த பாயைச் சுருட்டக் கட்டிலின் அந்தப் பக்கம் போனவள் நின்றுவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் எழுத்து தலைகீழ். ஆனால் பட்டன் திமிறிக்கொண்டு மேலே நின்றது. இந்தப் பக்கம் வந்தாள், பள்ளம். அந்தப் பக்கம் போனாள், மேடு. கட்டிலை நான்கு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

"என்னடி, கட்டிலக் கும்பிட்டுச் சுத்துற?" என்றாள் வாசலில் உட்கார்ந்திருந்த ராக்கம்மாள். பக்கத்தில் அதே செம்பு.

தமிழ்வாணி செம்பைப் பார்த்தாள். செம்புக்கு மேலே தகரக் கூரையின் இருட்டு. கீழே, நிழலுக்கு வெளியே, சிமெண்டு வாசலில் கண் கூசும் வெயில். செம்புக்கு வெளிச்சம் மேலேயிருந்து வரவில்லை, தரையிலிருந்து ஏறிவந்தது. அவள் பார்த்ததை ஒழுங்காகத்தான் வரைந்திருக்கிறாள். ஆனால் போனுக்குள் கூரை எது, வாசல் எது? மனுசக் கண்ணுக்கு வெளிச்சம் என்றால் உச்சியிலிருந்து விழுவதுதான். மேலே வெளிச்சம் பட்டால் மேடு, கீழே பட்டால் பள்ளம். இம்புட்டுத்தானா? இந்தச் சின்ன விஷயம் பதினாறு வருடமாகத் தன் கண்ணில் படவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது.

பழைய லேப்டாப்பைத் திறந்து, எழுத்தைத் தொடாமல் பளபளப்பை மட்டும் தலைகீழாகத் திருப்பினாள். பட்டன் எழுந்து நின்றது. சித்தார்த் சொல்லிக்கொடுத்திருந்தபடி பக்கத்தில் ஏற்றி, போனில் திறந்து பார்த்தாள். யாரிடம் காட்டலாம் என்று யோசிக்கும்போதே தெருக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. போனைக் கட்டிலில் போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடினாள்.

ஒரு குடம் கொண்டுவந்து இறக்கும்போது உள்ளே அம்மா யாருடனோ பேசும் குரல் கேட்டது. போனை வாய்க்கு நேரே, மிக்சர் பொட்டலம் மாதிரிப் பிடித்திருந்தாள் ராக்கம்மாள்.

"எத்தன ஏக்கராவா? எனக்கு எங்கிட்டுய்யா ஏக்கரு? முப்பது வருசம் அறுத்தது பூராம் அடுத்தவுக வயலு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். ராக்கம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "எதுக்குன்னா, ஒண்ணுத்துக்கும் இல்லய்யா. அமுக்கணும்போல இருந்துச்சு."

தமிழ்வாணி போனை வாங்கி, "அண்ணே, நான் வாணி" என்றாள்.

"வாணி, ஒன் நம்பரா இது?" என்றார் பாண்டியராஜன். "யாரு அது? நீ அமுக்கச் சொன்னியா?"

"எங்கம்மாண்ணே. நான் குழாயடியில இருந்தேன்."

பாண்டியராஜன் சிரித்த சிரிப்பு கட்டில்வரை கேட்டது. "நெலமே இல்லாத ஆளையே அமுக்க வச்சுட்டியா? அந்தப் பயகிட்ட நானே சொல்லிர்றேன். நீ நாளைக்குக் கோச்சடைக்குக் கெளம்பு."

போனை வைத்ததும் ராக்கம்மாள் கையை நீட்டினாள். "இங்க குடு அத." வாங்கி, கதிர் அறுத்துக் காய்த்துப்போன கட்டைவிரலால் திரையைத் தடவினாள். எங்கேயும் அமுக்காமல், பட்டனின் ஓரத்தை மட்டும், மெதுவாக. போனைச் சாய்த்துப் பார்த்தாள். மறுபடி தடவினாள்.

"பாத்தா மேடா இருக்கு. தொட்டா சமமா இருக்கு. எப்பிடிடி?"

தெருவில் யாரோ அவளுடைய அடுத்த குடம் நிரம்பி வழிகிறது என்று கத்தினார்கள். தமிழ்வாணி போகவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"சொல்றேன். அந்தச் செம்ப எடு."