ஒட்டிக்கொண்ட உறைகள்

காலை பத்து நாற்பதுக்கு பதுளையில் எங்கள் அச்சகத்தின் போன் அடித்தது. ஹல்துமுல்லைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கியிருந்தார்கள். அதன் மெனேஜர்தான் பேசினார்.

“அம்மா, என்வலப் எல்லாம் தானாவே ஒட்டிக்கிச்சு. இழுத்தா கிழியுது. நாலு மணிக்கு விருந்தாளிங்க வர்றாங்க, நான் என்ன செய்யட்டும்?”

அன்று அந்த ஹோட்டலின் திறப்பு விழா. வருகிற ஒவ்வொருவருக்கும் வரவேற்புக் கடிதத்தை உறையில் வைத்துக் கொடுக்க வேண்டும். லெட்டர்ஹெட், உறை எல்லாமே என் மகள் சுபாவின் டிசைன். தனியாக அவள் பிடித்த முதல் கஸ்டமர். இது சரியாக அமைந்தால் மெனு கார்டும் தேயிலைப் பெட்டி லேபலும் அவளுக்கே என்று சொல்லியிருந்தார்கள். விடியற்காலையிலேயே எங்கள் வேனில் சரக்கோடு அவளும் போயிருந்தாள்.

நடந்தது எனக்குப் புரிந்தது. மழைக்காலத்தில் பொலித்தீனில் இறுக்கிக் கட்டி அனுப்புவது பதுளை அச்சகங்களின் வழக்கம். நானோ பயத்தில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தேன். மழை உள்ளே போகவில்லை. காகிதத்தில் ஏற்கெனவே இருந்த ஈரம் வெளியே வரவும் இல்லை. வேனின் சூட்டில் அது வேர்த்து, மூடியிலிருந்த கோந்தை இளக்கிவிட்டது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்: கோந்து போட்ட உறைகளை நன்றாக உலரவிட்டு, மூடிக்குக் கீழே எண்ணெய்த்தாள் வைத்து, காற்றுப் போகும் பெட்டியில் அனுப்புங்கள்.

சுபாவின் போனும் ஹோட்டல் போனும் கிடைக்கவில்லை. அந்த மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். பிள்ளை அங்கே தனியாக ஏச்சு வாங்குகிறாளே என்று மறுபடி மறுபடி நம்பரை அழுத்தினேன். மெஷின் ஓட்டும் ராஜு மட்டும் சிரித்தான்.

“ஒட்ட மாட்டேங்குதுன்னு சண்டைக்கு வந்தவங்களப் பாத்திருக்கோம்க்கா. ஒட்டிருச்சுன்னு சண்டைக்கு வர்றவர இப்பத்தான் பாக்குறேன்.”

அவனை அதட்டி, புதிய உறைகளை மெஷினில் ஏற்ற வைத்தேன். மை காய்ந்து முடிய மதியம் தாண்டிவிட்டது. வழியில் ஹப்புத்தளையில் பனி இறங்கியிருக்கிறது, நாலு மணிக்குள் போக முடியாது என்று ஆட்டோக்காரர் கையை விரித்துவிட்டார். உறைகளை மடியில் வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ராத்திரி எட்டு மணிக்குத்தான் வேன் வந்தது. முதலில் இறங்கியவர் மெனேஜர். அவருக்குப் பின்னால் சுபா இறங்கினாள், சிரித்துக்கொண்டு.

நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவர் ஒரு கடிதத்தை நீட்டினார். மூன்றாக மடித்த கடிதத்தின் இடுப்பில் ஒரு காகித வளையம். அதன் நடுவில், உறைக்காக சுபா வரைந்த தேயிலைப் பூ. ஒட்டிப்போன உறைகளைக் குறுக்காக வெட்டியிருக்கிறாள். எல்லாப் பக்கமும் ஒட்டியிருந்ததால் ஒவ்வொரு துண்டும் வளையமாகவே வந்திருக்கிறது. கடிதத்தை அதற்குள் நுழைத்தால் வேலை முடிந்தது. விருந்தாளிகள் வளையங்களைக் கழற்றிப் பத்திரமாக வைத்துக்கொண்டார்களாம்.

மெனேஜர் என் மடியிலிருந்து ஒரு புதிய உறையை எடுத்து, மூடியைத் திறந்து பார்த்தார். அவர் முகம் வாடியது.

“என்னம்மா, இது ஒட்டாம இருக்கே? எங்களுக்கு முன்ன அனுப்புன மாதிரியே ஒட்டிக் குடுங்க.”