கலா அக்கா பாடாத வரி

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால், எந்த வருடம், என்ன கிழமை, அப்போது கரண்ட் இருந்ததா என்று கேட்டு, கதை சொல்கிறவரை எரிச்சல்படுத்துகிற ஆள் நான். தாம்பரத்தைச் சுற்றியிருக்கிற ஊர்களின் பழைய சேதிகளைச் சேகரிப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். ஏரிக்கரைப் புளியமரம், ரயில்வே கேட், மூடிக்கிடக்கும் பங்களா என்று ஆளுக்கொரு கதை சொல்லியிருக்கிறார்கள். விசாரித்துக்கொண்டே போனால் சொன்னவர் பார்த்திருக்க மாட்டார், அவருடைய மச்சானின் நண்பர் பார்த்திருப்பார், அந்த நண்பர் இப்போது துபாயில் இருப்பார். ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். கரண்ட் இருந்தது. பார்த்தது நான்தான்.

என் தொழில் கீபோர்டு வாசிப்பது. மோகன் அண்ணனின் மெல்லிசைக் குழுவில் பல வருடமாக இருக்கிறேன். ஆடியும் பங்குனியும் எங்களுக்கு வேனிலேயே கழியும். பெருங்களத்தூரில் ஏறினால் திண்டிவனம், விழுப்புரம், அங்கிருந்து உள்ளே உள்ளே போய் எந்த ஊரென்றே தெரியாத ஒரு கோயில் மைதானம், கல்யாண மண்டபத்துத் தரையில் ஜமுக்காளம் விரித்துத் தூக்கம், காலையில் இட்லி, மறுபடி வேன். குளிப்பதற்கு பம்பு செட் கிடைத்தால் அன்று யோகம். இது குறையல்ல, இப்படித்தான் என்று சொல்கிறேன்.

எங்கள் குழுவின் பெரிய பெயர் கலா அக்கா. பெரும்பாக்கம் குடியிருப்பில் எட்டாவது மாடி. லிஃப்ட் ஓடாத நாட்களில் கச்சேரிப் புடவையை ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வருவார். மேடையில் நூற்றுக்கணக்கான பாட்டு பாடியிருந்தாலும் ஊர்க்காரர்களுக்கு அவர் என்றால் ஒரே பாட்டுதான். ஒரு பழைய சினிமா மழைப் பாட்டு. அதில் இரண்டாவது சரணத்தில் ஒரு வரி மேலே ஏறும், ஏறி அங்கேயே நிற்கும், இரண்டு முறை வரும். இரண்டாம் முறை வரும்போது கலா அக்கா கடைசிச் சொல்லில் தானாக ஒரு சின்ன வளைவு போடுவார். அதற்கே விசில் பறக்கும்.

போன வருடம் அவருக்குக் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, பேச்சும் வந்துவிட்டது. மேல் ஸ்தாயி மட்டும் போய்விட்டது. வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் அவரும் பகல் வேளைகளில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாகச் சுருதி இறக்கிப் பார்த்தோம். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு, அதை அழுத்தினால் அதே கட்டைகளை வாசித்தாலும் ஒலி கீழே இறங்கிவிடும். ஒன்றரைக் கட்டை இறக்கினால் பெரும்பாலான பாட்டுகள் சமாளிக்கக் கூடியவையாக இருந்தன. மழைப் பாட்டு மட்டும் அதிலும் முடியவில்லை.

"இன்னும் எறக்குனா ஆம்பள கொரலு ஆயிடும் தம்பி," என்று சிரித்தார். "அத்த வுட்டுடு. அது வேணாம்."

மோகன் அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் வேனில் இருக்கிற இடங்கள் எண்ணி வைத்தவை. சிறுசேரியில் ஐ.டி. வேலை பார்க்கிற நிவேதா என்ற பெண் சனி ஞாயிறுகளில் எங்களோடு பாடிக்கொண்டிருந்தாள். நல்ல குரல். ஆடி டூருக்கு லீவு போடத் தயார் என்று சொல்லியிருந்தாள். டூருக்கு முந்தைய கச்சேரி பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் ஓர் அம்மன் கோயிலில். அண்ணன் எல்லோர் முன்னாலும்தான் சொன்னார்.

"கலா, மனசுல வெச்சுக்காத. இன்னிக்கு நல்லா போச்சுன்னா டூருக்கு நீதான். இல்லன்னா இந்த வருஷம் ரெஸ்ட் எடு."

"ரெஸ்ட்டா? எட்டாவது மாடில குந்திகினு இன்னா ரெஸ்ட்டு எடுக்கறது, ஆகாசத்துக்குப் பாடறதா?" என்றார் அக்கா. அவருக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். இந்த வருடம் ரெஸ்ட் என்றால் அடுத்த வருடமும் அதுதான் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. பாடகர் மேலே போக முடியாமல் தவித்தால் கீபோர்டுக்காரர் புல்லாங்குழல் ஒலியில் அந்த வரியை வாசித்துவிடுவார். பாடகர் கையை நீட்டி ரசிப்பதுபோல் நிற்பார். ஜனங்களுக்கு அது ஒரு புதுமை மாதிரித் தெரியும். கலா அக்காவும் நானும் அன்றைக்கு அடையாளம் பேசி வைத்தோம். அவர் இடது கையால் காதைத் தொட்டால் நான் வாசிக்க வேண்டும்.

கச்சேரி ஆரம்பித்து நன்றாகவே போனது. பிள்ளையார் பாட்டு, இரண்டு அம்மன் பாட்டு, எல்லாம் இறக்கிய சுருதியில், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நிவேதா தன் பாட்டை முடித்துவிட்டு இறங்கி முதல் வரிசையில் உட்கார்ந்து போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது விழாக் கமிட்டித் தலைவர் மேடைக்கே ஏறிவிட்டார். அந்த ஊரின் பழைய குடும்பம், நெல் விளைந்த நிலத்தில் இப்போது வாடகை வீடுகள், கோயிலில் முதல் மரியாதை அவருக்கு. மைக்கை வாங்கி, "எங்க ஊர்ல கலாம்மா மழைப் பாட்டு பாடாத திருவிழாவே கிடையாது. போடுங்க சார்," என்றார். கூட்டம் கத்தியது. இந்த மாதிரி ஆள் கேட்டு மறுத்துவிட்டு அந்த ஊரில் மறுபடி மேடை ஏற முடியாது.

நான் டிரான்ஸ்போஸ் பட்டனை இன்னும் கீழே தள்ளிக்கொண்டிருந்தேன். அதற்குள் கிட்டார் சேகர் ஆரம்பித்துவிட்டான். அந்தப் பாட்டு கிட்டாரில்தான் தொடங்கும். இருபது வருடம் ஒரே இடத்தில் வாசித்த கை, பாட்டின் பெயரைக் கேட்டதும் தானாகப் பழைய இடத்துக்கே போய்விட்டது. பழைய சுருதி, அசல் சுருதி. கிட்டார் தொடங்கிய பிறகு நான் வேறு சுருதியில் நுழைந்தால் நாய்ச் சண்டை மாதிரி ஆகிவிடும். அவனோடு போவதைத் தவிர வழியில்லை. கலா அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது.

பல்லவி கீழேதான் இருக்கும், பாடிவிட்டார். முதல் சரணம் கரகரத்தது, தாண்டிவிட்டார். இரண்டாவது சரணத்தில் அந்த வரிக்கு முன்னால் காதைத் தொட்டார். நான் புல்லாங்குழல் ஒலிக்கு மாற்றி விரலை வைக்கப் போகிறேன், என் முன்னால் தரையில் இருந்த மானிட்டர் ஸ்பீக்கரில் குரல் வந்துவிட்டது. மேலே, சுத்தமாக, ஒரு நடுக்கமில்லாமல். பரவாயில்லையே, அக்கா எட்டிப் பிடித்துவிட்டார் என்று சந்தோஷத்தோடு நிமிர்ந்தேன்.

கலா அக்காவின் மைக் தொடையோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் மூடியிருந்தது. அவர் குனிந்து மானிட்டர் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார், பாம்பைப் பார்க்கிற மாதிரி. குரல் அவருடையதுதான். ஆபரேஷனுக்கு முந்தைய குரல். வரி இரண்டாம் முறை வந்தது, கடைசிச் சொல்லில் அந்த வளைவும் வந்தது. விசில் பறந்தது. நம்பினால் நம்புங்கள், நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. இடது கை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வரிக்கு அக்கா மைக்கைத் தூக்கித் தன் கரகரத்த குரலில் சேர்ந்துகொண்டார். அவர் சேர்ந்த முதல் சொல்லில் அந்த இன்னொரு குரலும் கூடவே இருந்தது. அப்புறம் இல்லை.

பாட்டு முடிந்ததும் தலைவர் அக்காவுக்குச் சால்வை போட்டார். அண்ணனுக்கு வாயெல்லாம் பல். மேடைக்குப் பின்னால் சவுண்ட் மிக்ஸர் பார்க்கிற பாஷா பாயின் தோளைத் தட்டி, "போட்டாலும் போட்ட பாய், சமயத்துல போட்ட!" என்றார்.

"இன்னா போட்டேன்?"

"ட்ராக்குதான். பழைய ரெக்கார்டிங்க எங்க வெச்சிருந்த? சொல்லவே இல்லையே!"

பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "யோவ் மோகன், மிக்ஸர்ல கை வெச்ச நாள்லேர்ந்து ட்ராக் ஓட்டாதவன் நானு. அந்தம்மா சேனல்ல சிக்னல் வந்துச்சு, நான் ஏத்துனேன். ட்ராக்காம்ல!"

அண்ணன் கண்ணடித்துவிட்டுப் போனார். இன்றுவரை அவர் அதைத்தான் நம்புகிறார்.

நான் என் வழக்கப்படி விசாரித்தேன். நிவேதா பின்னாலிருந்து பாடியிருக்கலாமா என்றால், அந்த வீடியோவை முதல் வரிசையிலிருந்து எடுத்ததே அவள்தான். பழைய ரெக்கார்டிங் என்றால், அன்று ரிதம் பேட் வாசித்தவர் பதற்றத்தில் வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினார், குரல் அந்த வேகத்துக்கு இம்மி பிசகாமல் வந்தது. எந்தப் பழைய பதிவும் அப்படிப் பொருந்தாது. அவள் நெட்டில் போட்ட வீடியோவில் எல்லாம் இருக்கிறது, தொங்குகிற மைக், மூடிய வாய், குரல், அந்த ஒரு சொல்லில் இரண்டு குரல். கீழே யாரோ 'மைக் கீழே, பாட்டு மேலே, ஏமாத்து வேலை' என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அதையே எழுதியிருப்பேன்.

கலா அக்காவை ஆட்டோ ஏற்றிவிடப் போனபோது கேட்டேன். "அக்கா, நீங்க பாடலதானே?"

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப சரி," என்றார். பெருமூச்சு விட்டார். "எனக்கு மட்டும் மண்ட கொயம்பிடுச்சோன்னு நெனச்சிகினு கீறேன்."

டூருக்கு அவர்தான் வந்தார். ஆனால் வீடியோ எங்களுக்கு முன்னாலேயே எல்லா ஊருக்கும் போயிருந்தது. மதுராந்தகம் தாண்டி முதல் ஊரிலேயே மழைப் பாட்டு கேட்டார்கள். அக்கா முடியாது என்றார். அண்ணன் வேன் பக்கத்தில் நின்று, கெஞ்சுகிற மாதிரி ஆரம்பித்துக் கோபத்தில் முடித்தார்.

"பாய் ட்ராக் போடுவாரு, நீ நின்னா போதும். அதுவும் முடியாதுன்னா காலையில பஸ் ஏறு. நிவேதாவ வரச் சொல்றேன்."

அக்கா பையைத் தூக்கித் தோளில் மாட்டினார், மறுபடி வேனுக்குள் வைத்தார். பிறகு, "பாடறேண்ணே. ஆனா அந்த எடத்த தம்பி வாசிக்கட்டும். நான் மைக்க ஆஃப் பண்ணிடுவேன்," என்றார். எனக்குப் புரியவில்லை. வராது என்றுதானே பயப்பட வேண்டும்? தனியாகக் கேட்டேன்.

"வராதுன்னு இன்னா பயம்? அதான் பழகிடுச்சே. வந்துடுமோன்னுதான் தம்பி. அது வந்துட்டா அப்புறம் நான் எதுக்கு, சொல்லு? பொடவ கட்டிகினு நிக்கறதுக்கா?"

அன்று சேகரை எச்சரித்துச் சுருதியை இறக்கித்தான் ஆரம்பித்தோம். அந்த வரி வந்தது. அக்கா மைக்கின் ஸ்விட்சை அணைத்தார், பாயின் மிக்ஸரில் அவர் சேனலின் விளக்கும் அணைந்தது, பாய் எனக்குக் கட்டை விரலைக் காட்டினார். நான் புல்லாங்குழல் ஒலியில் இரண்டு முறையும் வாசித்தேன். ஸ்பீக்கரில் என் ஒலி மட்டும்தான். கூட்டம் மரியாதைக்குக் கைதட்டியது. அண்ணன் முகம் தொங்கினாலும் அடுத்த பாட்டுக்குக் கை காட்டினார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அக்கா இன்னும் எங்களோடுதான் பாடுகிறார். கேட்கிற ஊரிலெல்லாம் மழைப் பாட்டு, அந்த இடத்தில் ஸ்விட்ச் ஆஃப், நான் வாசிப்பேன். இப்படியே பழகிவிட்டது. போன மாதம் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷனில், வாசித்துக்கொண்டே அவரைப் பார்த்தேன். மைக்கை ஒரு கையில் பிடிக்காமல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். பாட்டு முடிந்து சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் வழியில் ஏன் என்று கேட்டேன்.

"எப்பவுமே அப்படித்தான் புடிப்பேன். நீ இன்னிக்குத்தான் பாத்திருக்கே," என்றார். "ஆஃப்ல கீது, சவுண்டு வராது, சரி. ஆனா அந்த வரி வர்றப்ப கையில அதிரும் தம்பி. யாரோ பாடறப்ப மைக்கு அதிருமே, அந்த மாதிரி. மொத தடவ, ரெண்டாந் தடவ. கடைசில அந்த வளைவு கூட கைக்குத் தெரியும்."

சாதாரணமாகத்தான் சொன்னார், சாம்பார் வாளியைப் பார்த்துக்கொண்டே.

"அடுத்த கச்சேரில உன் பக்கத்துல வந்து நிக்கறேன். புடிச்சிப் பாக்கறியா?"

அதற்குப் பிறகு நான்கு கச்சேரிகள் நடந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் அந்த இடத்தில் அவர் மெல்ல நடந்து என் பக்கம் வந்து, மைக்கை நீட்டுகிறார். அந்த வரியில் இடது கைக்கு வேலை அதிகமில்லை, கொஞ்ச நேரம் எடுத்தாலும் யாருக்கும் தெரியாது. நான் இன்னும் கையை நீட்டவில்லை.